கடைசிப் பந்திக்கும் சூடாகக் கிழங்கு

பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி வட்டாரத்தில் விசேஷ நாள்களில் அடுப்புப் பொறுப்பை ஏற்கும் தவசிப்பிள்ளைகளுக்கும், அம்மாக்களுக்கும், மதினிமாருக்கும், வெளியூரிலிருந்து வந்து கூடமாட ஒத்தாசை செய்யும் பிள்ளைகளுக்கும்,



முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் உங்களைக் குறை சொன்னதே கிடையாது. பூரி எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே இலைக்கு வருகிறது. கிழங்கில் ஆவி பறக்கிறது. கறிவேப்பிலை வாசம் வாசல் வரை போகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். மூன்று பந்தி முடிந்து, பரிமாறியவர்களும் வேன் ஓட்டி வந்தவரும் பந்தல்காரரும் உட்காரும்போது அதே கிழங்கு ஏடு கட்டிப்போய், கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் வருகிறது. சூடாக்கலாம் என்று அடுப்பில் ஏற்றினால் அடி பிடிக்கிறது. தண்ணீர் விட்டு இளக்கினால் ருசி ஓடிவிடுகிறது. இந்த மடல் அந்தக் கடைசிப் பந்திக்காரர்கள் சார்பில் எழுதப்படுகிறது.

இந்த வட்டாரத்து விசேஷங்களில் சாப்பாட்டு நேரம் சமைப்பவர் கையில் இல்லை. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழா வெள்ளியும் சனியுமாக நடக்கும்போது, பல ஊர்களிலிருந்து ஜோதியை ஏந்திக்கொண்டு ஓடியே வருகிறார்கள். எந்த ஊர் ஜோதி எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருநாள் வரை வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். கிறிஸ்துமஸ் என்றால் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்குத் தூக்கம், பெரியவர்களுக்குப் பசி. மூன்றுக்கும் பொதுவானது காத்திருப்பு. சமைத்து முடிப்பதற்கும் இலையில் விழுவதற்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கிறது. அந்த இடைவெளிக்கு உதவுகிற ஒரு சாமான், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த அட்டைப்பெட்டியோடு, உங்களில் சில வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஸ்லோ குக்கர்.

பார்க்க எளிமையானதுதான். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், வெளியே உலோகக் கூடு, இரண்டுக்கும் நடுவே சூடேற்றும் கம்பி, மேலே கண்ணாடி மூடி. ஆறு லிட்டர் கொள்ளளவுள்ளது ஏறக்குறைய 250 முதல் 300 வாட் மின்சாரம் இழுக்கும். நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் அளவுக்கு ஆகலாம். சீறாது, விசில் அடிக்காது, பக்கத்தில் நிற்பவரை வேக வைக்காது. மே மாதத்து ஓட்டப்பிடாரத்தில் இந்தக் கடைசிக் குணம் ஒன்றே போதும் அதைப் பரணிலிருந்து இறக்க.

இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன். 1940-இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் இருந்த அவருடைய பாட்டி காலத்து யூதப் பழக்கம் ஒன்றுதான் மூலம். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் இருட்டும் வரை அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே பயறும் கிழங்கும் இறைச்சியும் போட்ட பானையை வெள்ளி மாலையே ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். தணிந்துகொண்டே வரும் அந்தச் சூட்டில் இரவெல்லாம் வெந்து, மறுநாள் சுடச்சுடக் கிடைக்கும். அம்மா வாயால் கேட்ட இந்தக் கதையை நாக்ஸன் மின்சாரப் பானையாக்கினார். 1970-இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது; 1971-இல் கிராக்-பாட் என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பியது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம் அது. பானை அமோகமாக விற்றது.

நம் நாட்டுக்கும் இந்த யோசனை புதிதல்ல. நாக்ஸனுக்கு முப்பது வருஷம் முன்பே, 1910-இல், வங்காளத்து டாக்டர் இந்துமாதவ் மல்லிக் இக்மிக் குக்கரைச் செய்தார். அடியில் கரி நெருப்பு, மேலே அடுக்கடுக்காகக் கிண்ணங்கள், நீராவியில் சோறும் பருப்பும் காயும் மெல்ல வேகும். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் ருக்மணி குக்கர் என்று அதே இனத்து அடுக்குப் பாத்திரம் இருந்தது. பிரஷர் குக்கர் வந்ததும் இரண்டும் ஓரம் கட்டப்பட்டன. தூத்துக்குடிக்காரர்களுக்கோ மெல்லிய சூட்டின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன், நெருப்பைக் கூட்டினால் கருகிவிடும். குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்ந்தால்தான் வாயில் கரையும்.

சரி, கிழங்குக்கு வருவோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் விருந்துகளுக்கு உருளைக்கிழங்கு மசியலை ஸ்லோ குக்கரிலேயே செய்கிறார்கள். பச்சைக் கிழங்கை நறுக்கி, கொஞ்சம் தண்ணீரோ சூப்போ ஊற்றி, ‘ஹை’ என்ற நிலையில் மூன்று நான்கு மணி நேரம் விட்டு, வெந்ததும் அதே பாத்திரத்தில் மசித்து, வெண்ணெயும் பாலும் சேர்ப்பார்கள். அவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது. ஓவனை வான்கோழி பிடித்துக்கொள்கிறது, அடுப்பு நான்கையும் மற்ற பதார்த்தங்கள் பிடித்துக்கொள்கின்றன. கிழங்குக்கு இடம் வேண்டுமே! உங்கள் வீட்டில் நிலைமை வேறு. பிரஷர் குக்கரில் கால் மணி நேரத்தில் வேகிற கிழங்கை நான்கு மணி நேரம் காக்க வைப்பதற்குக் காரணமே இல்லை.

நேரம் மட்டுமில்லை, பதமும் கெடலாம். உருளைக்கிழங்கில் உள்ள மாவு 60 டிகிரி செல்சியஸையொட்டியே வெந்து உப்பத் தொடங்கிவிடும். ஆனால் கிழங்கின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது; 85 டிகிரிக்கு மேல் போனால்தான் வேகமாகக் கரையும். நடுவே ஒரு வம்பு இருக்கிறது. 55 முதல் 70 டிகிரி வரையான சூட்டில் கிழங்குக்குள் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு, பெக்டினைச் சுண்ணாம்புச் சத்தோடு கோத்து இன்னும் இறுக்கிவிடும். ஸ்லோ குக்கர் அந்தப் பகுதியை ஆற அமரக் கடக்கிற சாமான். அதனால்தான் சில நேரம் ஐந்து மணி நேரம் வெந்த கிழங்கிலும் மத்துக்கு அகப்படாத கட்டிகள் கிடக்கின்றன. அந்த வழியில்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள், கிழங்கை ஒரே அளவு சிறு துண்டுகளாக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ‘ஹை’யில் தொடங்கட்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போகிற சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும்.

மசியலுக்குக் குற்றமான இதே குணம் சொதிக்கு வரம். திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சொதியில் உருளைக்கிழங்குத் துண்டு முனை மழுங்காமல் நிற்க வேண்டும். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் அதைச் சுற்றிக் குழைந்து நிற்க வேண்டும். நறுக்கிய கிழங்கைக் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில், ஏறத்தாழ 65 டிகிரியில், அரை மணி நேரம் கிடத்திவிட்டுப் பிறகு வேக வைத்தால் அது அவ்வளவு எளிதில் கரையாது. சொதியில் தலைப்பாலைக் கடைசியில் விட்டுக் கொதிக்க விடாமல் இறக்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே. தலைப்பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். முதல் பந்திக்கு அது சரியாகவே இருக்கும். மூன்றாம் பந்திக்கு மறுபடி அடுப்பேற்றும்போதுதான் திரியும். ஸ்லோ குக்கரில், சூட்டை மட்டும் காக்கிற ‘வார்ம்’ நிலையில் வைத்த சொதிக்கு அந்த ஆபத்து குறைவு. சொதியோடு வைக்கிற இஞ்சிப் பச்சடி ஆறியே இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

கிழங்கு வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் கரிசல் பூமிக்கு உருளைக்கிழங்கு அந்நியம். கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் இந்த மண்ணுக்குச் சொந்தம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை ஆண்ட கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அவர் தம்பி ஊமைத்துரை திரும்ப எழுப்பிய கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்துத் தரைமட்டமாக்கியது 1801 மே மாதம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறியதே 1819-இல்தான். அவர் அங்கே போட்ட இங்கிலீஷ் காய்கறித் தோட்டங்களில் இருந்துதான் மலைக்கிழங்கின் கதை தொடங்குகிறது. ஆகவே 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்க இன்று வருகிறவர்களுக்கு நீங்கள் போடும் பூரிக்கிழங்கு, பழைய கோட்டையின் அடுக்களை அறியாத பண்டம்.

இப்போது தூத்துக்குடிச் சந்தைக்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ஊட்டிக் கிழங்கும், வடக்கேயிருந்து குளிர்பதனக் கிடங்குக் கிழங்கும் வருகின்றன. ஊட்டிக் கிழங்குக்கு விலை கூடுதல். வரத்தும் முன்போல் இல்லை. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட பொன்னிற நூற்புழு அந்த மலை விவசாயத்தை ரொம்பவே படுத்தியது. ஊட்டி முத்தோரையில் 1957 முதல் இயங்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களைத் தர வேண்டியிருந்தது. வடநாட்டுக் கிழங்கு பிப்ரவரி, மார்ச்சில் தோண்டப்பட்டுக் கிடங்குக்குப் போகிறது. மிகக் குளிரில் நாள்கணக்காகக் கிடந்தால் கிழங்கு தன் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். பனிமய மாதா திருநாள் சமயத்தில் மசியல் லேசாகத் தித்தித்தால் தவசிப்பிள்ளையைத் திட்ட வேண்டாம். அந்தக் கிழங்கை வாங்கி வந்ததும் சாக்கைப் பிரித்து, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் காற்றாடப் போட்டால் தித்திப்பு ஓரளவு இறங்கும். டிசம்பரில் வருகிற புதுக்கிழங்கில் தோல் மெல்லிசு, ஈரம் அதிகம். பொரியலுக்கு அருமை, மசியலுக்கு அவ்வளவு வாய்க்காது.

எது மாவுக் கிழங்கு, எது ஈரக் கிழங்கு என்று கண்டுபிடிக்க உப்பு விளைகிற ஊர்க்காரர்களுக்கு ஏற்ற சோதனை ஒன்று உண்டு. ஒரு டம்ளர் தூள் உப்பைப் பதினொரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, கிழங்கை அதில் போட வேண்டும். மாவு மிகுந்தது கனத்தால் மூழ்கும். ஈரம் மிகுந்தது மிதக்கும். மூழ்கியதை மசிக்கலாம், மிதந்ததைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். மூட்டை வாங்கும் முன் நாலு கிழங்கைப் போட்டுப் பார்த்தாலே போதும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

வெந்த கிழங்கை மிக்சியில் போடாதீர்கள். 2011-இல் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த மிக்சி எத்தனையோ நல்ல வேலை செய்கிறது, இது மட்டும் அதற்கு ஆகாது. வெந்த கிழங்கின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் மாவு உப்பி நிற்கிறது. பிளேடு அறைகளைக் கிழித்தால் மாவு வெளியே கொட்டி, சுவரொட்டி ஒட்டுகிற பசையாகிவிடும்; அதை எந்தப் பாலும் மீட்காது. கீரை கடைகிற மரமத்து போதும். கிழங்கு சூடாக இருக்கும்போதே, தண்ணீரை முழுசாக வடித்துவிட்டு, ஒரு நிமிஷம் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, பிறகு மசிக்க வேண்டும். முதலில் வெண்ணெய் அல்லது நெய், அது ஊறிய பிறகு சூடான பால். குளிர்ந்த பாலை ஊற்றினால் அத்தனை நேரம் காத்த சூட்டை நீங்களே அணைத்ததாகும்.

பன்னிரண்டு பதினைந்து பேருக்கு இரண்டரைக் கிலோ கிழங்கு போதும். ஆறு லிட்டர்ப் பாத்திரம் அதைத் தாராளமாகக் கொள்ளும். கிறிஸ்துமஸ் விருந்தில் கோழி ரோஸ்ட் பக்கத்தில் வைக்கிற மாதிரி என்றால் 150 கிராம் வெண்ணெய், அரை லிட்டர் பால், உப்பு, பொடித்த மிளகு. பூரிக்கும் தோசைக்கும் என்றால் உள்ளி, பச்சை மிளகாய், இஞ்சி, கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள் போட்டு, பாலுக்குப் பதில் இரண்டாம் தேங்காய்ப்பால். புளிப்பு வேண்டுமானால் எலுமிச்சை கடைசியில். பச்சைக் கிழங்கு வேகும்போதே புளியோ தக்காளியோ சேர்ந்தால் பெக்டின் கரைய மறுத்துக் கிழங்கு விறைத்து நிற்கும். புளிக்குழம்பில் கிழங்கு வேகவில்லை என்று புலம்புகிற வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி காத்திருப்பு. மசியலைச் செய்வதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்லோ குக்கரில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, உள்ளே வெண்ணெய் தடவி, ஆவி பறக்கிற மசியலைப் போட்டு மூடி, ‘வார்ம்’ நிலைக்குத் திருப்புங்கள். மேலே சூடான பால் கால் டம்ளர் பரவலாக ஊற்றி வைத்தால் ஏடு கட்டாது. பரிமாறும் முன் கிளறிக்கொள்ளலாம். மணிக்கு ஒரு தரம் ஓரங்களை வழித்துக் கிளறினால் போதும். ஆறிய கிழங்கு கெட்டிப்படுவதற்குக் காரணம், வெந்து விரிந்த மாவு குளிரும்போது மறுபடி ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதுதான். சூடு இறங்காத வரை அந்த இறுக்கம் வராது. நாலு மணி நேரம் வரை பதம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் நிறம் மங்கி, பால் வாசம் மாறத் தொடங்கும்.

சூடு விஷயத்தில் ருசியைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வெறும் கிழங்குதானே, இறைச்சியா மீனா என்று நினைக்கிறவர்களுக்காக இரண்டு சம்பவங்கள். 1994-இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து எல் பாஸோவில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அறைச் சூட்டிலேயே போட்டு வைத்திருந்து, பிறகு அதை மசித்துத் தொடுகறி செய்தது ஓர் உணவகம். சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற நரம்பு முடக்கும் நச்சுநோய். 2015-இல் ஒஹாயோவில் ஒரு தேவாலயத்துக் கூட்டு விருந்தில், வீட்டில் சரியாகப் பதப்படுத்தாமல் புட்டியில் அடைத்த கிழங்கில் செய்த சாலட். 29 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கிருமியின் வித்து மண்ணில் இருக்கிறது, கிழங்கோடு வருகிறது, கொதிநீரிலும் சாகாது. காற்றுப் புகாத வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். பயப்பட வேண்டியதில்லை, வெதுவெதுப்பில் விட்டு வைக்காதிருந்தால் போதும். ஃபிரிட்ஜில் இருந்த மசியலை நேரே ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடேற்றுவதும் கூடாது. அது 60 டிகிரிக்கு ஏறுவதற்குள் கிருமிகளுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். அடுப்பில் ஆவி வரக் காய்ச்சிவிட்டு மாற்றுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டால், உங்கள் குக்கரின் ‘வார்ம்’ உண்மையில் எத்தனை டிகிரி என்பதும் தெரிந்துவிடும். சில மலிவுச் சாமான்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

ஸ்லோ குக்கர் இல்லாத வீடு கடைக்கு ஓட வேண்டாம். மின்சார ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும்; அடி கொஞ்சம் கூடுதலாகக் காயும், அடிக்கடி கிளற வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனால் இரண்டு சாமானும் ஊமை. அப்போது மூடியைத் திறக்காமல் பாத்திரத்தைக் கனத்த போர்வையால் சுற்றி வையுங்கள். தெர்மாமீட்டர் 60-க்குக் கீழே காட்டினால் உடனே கேஸ் அடுப்பு.

முந்நூறு ஐந்நூறு பேர் சாப்பிடுகிற அன்னதானத்துக்கு ஆறு லிட்டர்ப் பாத்திரம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவசிப்பிள்ளைகள் அங்கே செய்ய வேண்டியது, பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைச் சுருக்கி, மசியல் வைத்த தவலையை அதற்குள் இறக்கி மூடி வைப்பது. அடி பிடிக்காது, கடைசி ஆள் வரை சூடு நிற்கும். மொத்தக் கிழங்கையும் ஒரே மூச்சில் மசித்துக் குவிக்காமல், பந்திக்குப் பந்தி மசிப்பதும் நல்லது. வேக வைத்து உரித்த கிழங்கை வெந்நீர் அண்டாவின் மேல் மூடி வைத்திருந்தால் மசிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சினால், பரிமாறி முடித்த கையோடு அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள். மறுநாள் காலையில் கடலைமாவில் தோய்த்தால் போண்டா, ரொட்டித்தூளில் புரட்டினால் கட்லெட். வெளியே இரவெல்லாம் கிடந்த மிச்சம் என்றால், மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிப் பந்திக்காரர்கள்